வெட்டு மெசினுக்கு இரண்டு பேர்

ஞாயிறு காலை ஏழு மணி. ஈப்போவில் வேனை எடுத்தேன். வாடகை வேன் ஓட்டுவது என் வேலை. போவது பிரிஞ்சாங் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொண்ணூறு கிலோமீட்டர் வரும்.

இதை எழுதலாமா என்று பிறகு கேட்டேன். "என் பேரைப் போடுங்கண்ணே. தோட்டம் பேரு வேணாம். அப்பா அங்க வேலை செய்யறாரு," என்றாள் கவிதா.

கவிதாவுக்கு இருபத்து மூன்று வயது. எச்.ஐ.வி. இருக்கிறது. தினமும் மருந்து சாப்பிடுகிறாள். அதே நோய் உள்ள இளையவர்களைச் சேர்த்து ஒரு குழு நடத்துகிறாள். ஊர் ஊராகப் போய் நோயைப் பற்றிப் பேசுவார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்த செல்வி பின்சீட்டில் தூங்கினாள். பிறந்த தோட்டத்தில் மட்டும் கவிதா இதுவரை பேசியதில்லை.

சிம்பாங் பூலாய் தாண்டியதும் ஏற்றம். பனி இறங்கியது. முன்னால் போன லோரி கரைந்து போனது. அதன் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்தது. வேன் ஓடுகிறதா, நின்றபடி இருக்கிறதா, சொல்ல முடியவில்லை.

ஒன்பது மணிக்குக் கம்போங் ராஜா. மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் விலை இரண்டு வெள்ளி. ஆற்றிய டீ, தே தாரிக், இரண்டரை. கவிதாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வைத்தாள்.

"அப்பா வராதேங்கறாரு."

"ஏன்?"

"கொழுந்து வெட்டுற மெசின ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிக்கணும்ணே. இன்னொரு பக்கம் ராமையா மாமா. ரொம்ப வருசச் சோடி. நான் பேசினா அவரு விட்டுட்டுப் போயிடுவாரோன்னு அப்பாவுக்குப் பயம். அவரு விட்டா வேற யாரும் சேர மாட்டாங்க."

"திரும்பிடவா?"

ரொட்டியைப் பிய்த்தாள். தின்னவில்லை.

"போலாம்லா."

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள். பனிக்குள் ஏரி மாதிரித் தெரிந்தன. அதற்கப்புறம் தேயிலை. பச்சைக்கு முடிவே இல்லை.

பகல் இரண்டு மணி. கோயில் மண்டபம். தோட்டத்து ஆட்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கவிதா எழுந்தாள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."

அவள் அப்பா தரையைப் பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார். "எப்படிம்மா வந்துச்சு?"

"அதக் கேக்காதீங்க அத்தை. மருந்து சாப்பிட்டியான்னு கேளுங்க."

"சரி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையில் ராமையா எழுந்தார்.

"ஒங்கப்பன் வேர்வை என் கையில படுது. அவன் தொட்ட மெசினத்தான் நானும் தொடறேன். எனக்கு வராதா?"

"அப்பாவுக்கு இல்ல மாமா, எனக்குத்தான். என் வேர்வை பட்டாலும் வராது. என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது."

ராமையா வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். கவிதா மீதியைப் பேசி முடித்தாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அன்றைக்கு அவள் வீட்டில் தங்கினோம். அப்பா எனக்குப் போர்வை கொடுத்தார். மகளோடு பேசவில்லை. திட்டவும் இல்லை.

திங்கள் காலை ஆறரை. பெரட்டு. ஆட்கள் கூடி நிற்பார்கள், கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பார். மழைக்கோட்டு போட்டவர்கள் பனியின் வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் பூட்ஸ் சத்தம், அப்புறம் ஆள். கவிதாவின் அப்பா மெசினுக்கு ஒரு பக்கம் நின்றார். மறு பக்கம் ஆள் இல்லை. கவிதா என் பக்கத்தில் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

ராமையா வந்தார். கையில் மஞ்சள் ரப்பர் கையுறை. முழங்கை வரைக்கும்.

"என்ன ராமையா, மங்கு, தட்டு கழுவப் போறியா?" என்றார் கங்காணி.

"குளிருதுலா. பொண்டாட்டி குடுத்தா."

கவிதாவின் அப்பா கையுறையைப் பார்த்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை.

"தூக்குடா," என்றார் ராமையா.

தூக்கினார்கள். சரிவில் ஏறினார்கள். பனி முதலில் கால்களை எடுத்தது, பிறகு முதுகை. கடைசியாக மறைந்தது மஞ்சள். மெசின் சத்தம் மட்டும் மேலே நகர்ந்தது.

எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

"ராமையா கையுறை போட்டுட்டாரே," என்றேன்.

"மெசினப் புடிச்சாருல்லண்ணே." ஒரு வளைவு போனது. "அடுத்த மாசமும் வேன் வேணும். இங்கதான்."

பின்னாலிருந்து செல்வி, "அப்ப நான் பேசறேன்க்கா," என்றாள்.

"ராமையா மாமா கேட்டா என்ன சொல்லுவ?"

செல்வி சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் தடுமாறினாள்.

"மறுபடி சொல்லு," என்றாள் கவிதா.

இறக்கத்தில் காது அடைத்தது. பனி மேலேயே நின்றுவிட்டது. ஈப்போவில் நல்ல வெயில். எங்கள் குடியிருப்புத் தாமானிலும் இந்த நோய் உள்ளவர்கள் இருப்பார்கள். யாரென்று தெரியாது. யாரும் எழுந்து சொன்னதில்லை. அந்த மலையில் ஒருத்தி சொல்லிவிட்டாள். இன்னொருத்தி என் பின்சீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரேடியோவைப் போடவில்லை.