மாமியின் பூனையும் என் கண்ணீரும்

கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் மாதமே எனக்கு அழுமூஞ்சி என்று பெயர் வந்துவிட்டது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் அழவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அழுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் யாரும் நம்பவில்லை.

காலையில் எழும்போதே கண்கள் சிவந்து, இமை வீங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பொல்லாத தோல். புதுத் துணியைத் துவைக்காமல் உடுத்தினால் அரிக்கும், வாசனைச் சோப்பு ஆகாது, கவரிங் வளையல் போட்டால் மணிக்கட்டு புண்ணாகும். ஆனால் கண்ணும் சேர்ந்து கெட்டது இந்த வீட்டில்தான்.

நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே என் கணவரின் சுக்கு, மிளகாய்க் கிடங்கு. அந்தத் தெருவில் போகிறவர்கள் எல்லோருமே தும்மிக்கொண்டுதான் போவார்கள். அதனால் என் தும்மலை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. “மிளகாய் நெடி. பழகிடும்,” என்றார் கணவர். அவர் அந்தக் கிடங்கிலேயே வளர்ந்தவர். சொல்லிவிட்டு அவரும் தும்மினார்.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர அவருடைய அம்மா, அதாவது என் மாமி, இருந்தார். பிறகு மாமியின் பூனை. மாமி அதிகம் பேசமாட்டார். பேசுகிற கொஞ்சத்தையும் பூனையிடம் பேசிவிடுவார். வெள்ளைப் பூனை, வாலில் மட்டும் கறுப்பு. பகலெல்லாம் மடித்து வைத்த துணிகளின் மேல் தூங்கும். என் தலையணை அதற்கு மிகவும் பிடித்திருந்தது.

என் உடம்பில் இருப்பது ஏதோ பூச்சி தெரியாமல் கடித்த காணாக்கடி என்று மாமி தீர்மானித்தார். வெற்றிலையில் மிளகு வைத்து மென்று விழுங்கச் சொன்னார். வேப்பிலை அரைத்துப் பூசினார். கேட்கவில்லை என்றதும் பத்தியம் தொடங்கியது. முதலில் எறால் நின்றது. பிறகு கருவாடு, கத்தரிக்காய். கடைசியில் மீனே நின்றது. கொச்சியில் இருந்துகொண்டு நான் பருப்புக் கறியும் சோறும் தின்றேன். என் பங்கு மீனைப் பூனை தின்றது. அது நன்றாகத் தேறியது.

சுக்கு வாங்க வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் என் அப்பாவிடம், அதாவது அத்தாவிடம், சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் அத்தா வந்து இறங்கினார். பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கல்யாணத்தன்று என்னை அனுப்பும்போதுகூடக் கண் கலங்காதவர். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“சம்பந்தியம்மா, எதையும் மறைக்க வேண்டாம். பிள்ளை இங்க நல்லா இருக்கா, இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கா. திங்குறா, உறங்குறா, கரையுறா,” என்றார் மாமி. அழுவதை மாமி மலையாளத்தில்தான் சொல்வார்.

“எதுக்குக் கரையுறா?”

“அறியில்ல. கேட்டா கரையலேங்கிறா.”

அத்தா என் வீங்கிய முகத்தைப் பார்த்தார். “பெட்டியை எடுத்து வை,” என்றார்.

எனக்குப் போக விருப்பமில்லை. கணவரை எனக்குப் பிடித்திருந்தது. அதை அத்தாவின் முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

இதற்குள் பூனை அத்தாவின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டுப் பூனை என்ற மரியாதைக்காக அவர் அதைத் தடவிக்கொடுத்தபடியே என்னை வளர்த்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் என் உம்மா புறா வளர்த்ததால் பூனையை வாசல் பக்கமே விட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தா தும்மினார். கண்ணைக் கசக்கினார். பிறகு கண்ணீர் தாரையாக இறங்கியது. பேச்சை நிறுத்தாமல் துடைத்துக்கொண்டே பேசினார்.

வளர்ந்த ஆண்பிள்ளை தன் முன்னறையில் உட்கார்ந்து மகளுக்காக அழுவதை மாமியால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார். சாயாத் தட்டோடு வந்த என் கணவர் எங்கள் மூவரையும் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“யாரு மௌத்தானது?” என்று கேட்டார், யாரோ இறந்துவிட்டதாக நினைத்து.

“யாரும் இல்ல,” என்றார் அத்தா. “நான் அழலை மாப்பிள்ளை. கண்ணு அரிக்குது.”

“எனக்கும் அதேதான் அத்தா,” என்றேன். “வந்த நாள்லேர்ந்து.”

அத்தாவின் மணிக்கட்டில் தடிப்பு எழும்பியிருந்தது. மாமி அதைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அத்தாவின் மடியிலிருந்து பூனையைத் தூக்கி உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சாயா குடிங்க, ஆறிடும்,” என்றார்.

மறுநாள் எல்லோருமாகப் படகேறி எறணாகுளத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். வீட்டில் மிருகம் ஏதாவது வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் மாமி, மனதார. ஒரு பூனை இருக்கிறது என்றார் கணவர்.

“அது மிருகமா? பூச்சையல்லே,” என்றார் மாமி, மனம் நொந்து. பூனை மாமிக்கு எப்போதும் பூச்சைதான்.

பூனையும் மிருகம்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கும் அத்தாவுக்கும் ஒரே மாத்திரை எழுதினார். திரும்பும் படகில் அத்தா பெட்டியைப் பற்றி மறுபடி மெதுவாகக் கேட்டார். “வரலை அத்தா,” என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பூனை கீழே கிடங்குக்குக் குடிபோனது. மாடியேறி வந்த ஒவ்வொரு முறையும் மாமியே தூக்கிக்கொண்டுபோய் விட்டார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மாத்திரை தூக்கம் வரவைக்கும் வகை. அழுமூஞ்சி என்ற பெயர் போய்த் தூங்குமூஞ்சி என்று ஆயிற்று. மீன் திரும்பி வந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாடிப்படியின் அடியில் ஆணியில் ஒரு பழைய புடவை எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. வெகுநாள் கழித்துத்தான் அது என்ன என்று கேட்டேன்.

“பூச்சையைத் தொடுறப்ப உடுக்குற சீலை,” என்றார் மாமி. “அதோட மேலே வந்தா உனக்கு ஆகாதில்ல.” ஒவ்வொரு நாளும் கீழே புடவை மாற்றிப் பூனையோடு இருந்துவிட்டு, கைகால் கழுவி, மறுபடி மாற்றிக்கொண்டு மேலே வந்திருக்கிறார். மீனை நறுக்கிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து நறுக்கினேன்.

எண்பதுகளில் என் மகள் நடை பழகியதும் பூனையின் முதுகில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. “இவ எங்க சைடு,” என்றார் மாமி. நான் கேட்க அவர் அத்தனை சந்தோஷமாகப் பேசியது அன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருவரும் கிடங்கில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். மேலே வருமுன் கீழே குழாயில் கை கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்கும். சில நாள் கேட்காது. அன்று எனக்குக் கழுத்தில் தடிப்பு எழும்பும். கேட்டால், தொடவே இல்லை என்று இருவரும் ஒன்றுபோலச் சொல்வார்கள்.