ஈர மணலைத் தொட்ட மொட்டை டயர்

1. சுறா எண்ணெய்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பிக்கப்பை அச்சு வரை மணலில் புதைத்தேன். நான் புதைத்தேன் என்று சொல்வதும் அநியாயம். மெலிந்த டயரோடு அந்த மணலில் இறங்க வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி கேட்கவில்லை.

முதலாளி காயல்பட்டணத்து சாகுல் காக்கா; அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன். அவரிடம் யுத்தத்துக்கு முந்தைய அமெரிக்கன் பிக்கப் ஒன்று இருந்தது. புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, தூத்துக்குடியில் ரயிலேற்றுவது அவர் வியாபாரம். யுத்தம் முடிந்து பட்டாளத்தை விட்டு வந்த டிரைவர்கள் அப்போது ஊரெல்லாம் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எகிப்துப் பாலைவனத்தில் லாரி ஓட்டியவன் என்று கேள்விப்பட்டுத்தான் காக்கா என்னை எடுத்தார்.

புன்னைத்துறைக்கு ரோடு கிடையாது. தேரி என்னும் செம்மணல் மேட்டோரம் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து கடல் வரை ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவாக வெறும் மணல். பெண்கள் மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து பிக்கப்பில் ஏற்றுவார்கள். வெயிலில் அந்த மணலைக் கடப்பதற்குள் சீலா மீனின் வயிறு தொளதொளவென்று ஆகிவிடும். அதனால்தான் வண்டியையே கரைக்குக் கொண்டுபோவது என்று காக்கா பிடிவாதமாக இருந்தார்.

வண்டி புதைந்ததும் ஊரே உதவிக்கு ஓடி வந்தது. நல்ல மனிதர்கள். வள்ளத்தைக் கரையேற்றுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பனை மட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சுறா எண்ணெய் தடவி, வடம் கட்டி இழுத்தால் எவ்வளவு பெரிய வள்ளமும் வழுக்கிக்கொண்டு மேலேறிவிடும். அதே முறையை என் பிக்கப்புக்கும் செய்தார்கள். பின்சக்கரத்துக்கு அடியில் மட்டையைச் செருகினார்கள். நான் முன்பக்கம் மணலைத் தோண்டிக்கொண்டிருந்ததால் எண்ணெய் டின்னை யார் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டேன். சக்கரம் சுற்றியது, வண்டி இம்மியும் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் டயர் இரண்டும் பொரித்த அப்பளம் போல எண்ணெயில் மின்னின.

"யாருய்யா எண்ணெய் போட்டது?" என்று கத்தினேன்.

"போடாம எப்படிய்யா வழுக்கும்?" என்றார் ஒருவர், என்னை மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

"வழுக்கத்தானே ஐயா கூடாது!"

மீன் சுமக்கும் பெண்களுக்குத் தலைவி சூசம்மா இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏலே டைவரு, சும்மாடு கட்டுதேன், வண்டியைத் தூக்கித் தலையில வைங்கலே. ரோட்டுல கொண்டுபோய் இறக்கிட்டுப் போறேன்" என்றாள். கரையெல்லாம் சிரிப்பு. என் மானம் வண்டியில் இருந்த ஐஸோடு சேர்ந்து உருகியது.

ஊர்ப் பட்டங்கட்டி மிக்கேல் மட்டும் சிரிக்கவில்லை. ஊருக்குத் தலைவர் அவர். மீன் ஏலம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. காக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"காக்கா, கோவிச்சுக்கிடாதிய. மீன் கெட்டுப்போவுதுன்னு நீங்களும் விலையைக் கொறைக்கிய, எங்களுக்கும் வவுறு எரியுது. செல்லையா அண்ணாச்சி மிலிட்டரி லாரி வாங்கியிருக்காரு. கரைக்கே வாரேன்னு சொல்லுதாரு. சீலாப்பாடு தொடங்கி மொத சீலா கரையேறுத அன்னைக்கி எவன் வண்டி ஈர மணலைத் தொடுதோ, இந்த வருசத்து மீன் பூராவும் அவனுக்கு."

டயரைத் துடைத்து, வடம் கட்டி இழுத்து, ஊரார் ஒருவழியாக வண்டியை ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். திரும்பும் வழியில் ஏரல் பக்கம் வந்ததும் காக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, புன்னைத்துறை போச்சுன்னா இந்த வண்டியை வித்துற வேண்டியதுதான். நீயும் வேற இடம் பாத்துக்கோ."

2. கிரீஸ் அட்டை

வண்டியை விற்க விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். எனக்கு வேலை வேண்டும் என்பது பாதிக் காரணம். சூசம்மாவின் சிரிப்பு மீதிக் காரணம்.

பிக்கப்பில் இருந்தது 600-16 அளவு டயர். ரோட்டுக்குப் போதும். மணலுக்கு அகலம் வேண்டும். மதுரைப் பக்கம் ஒரு வியாபாரி, பட்டாளம் கழித்துப்போட்ட சக்கரங்களை மலைபோல் குவித்து விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் பெரிய சக்கரம் கண்ணில் பட்டது என்பதற்காக வாங்கிவர முடியாது. உங்கள் வண்டி அதை ஏற்க வேண்டும்.

ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரம் மாட்டும் ஹப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட் ஆணிகளின் முனையில் கிரீஸ் தடவி, ஒரு கெட்டி அட்டையை அழுத்தி எடுத்தேன். எந்த ஸ்டட் எங்கே இருக்கிறது என்று அச்சு விழுந்தது. அந்த இடங்களில் ஓட்டை போட்டுக்கொண்டேன். பிறகு ஒரு மூங்கில் குச்சியில் இரண்டு வெட்டு: ஹப் முகத்திலிருந்து ஸ்பிரிங் பட்டை எவ்வளவு தூரம், மட்கார்டு எவ்வளவு தூரம் என்று. அட்டை பொருந்தினால் சக்கரம் மாட்டும். குச்சி பொருந்தினால் சக்கரம் சுற்றும். இரண்டில் ஒன்று தப்பினாலும் வாங்கிய சக்கரம் கிணற்று உறைக்குத்தான் ஆகும்.

காக்காவும் கூட வந்தார். கூட வராமல் இருந்திருக்கலாம். குவியலில் ஏறிய உடனே கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த ராட்சச டயர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இன்னாசி, இதைப் பாரு! புலி நகம் கணக்கா ஈக்குது. எந்த மணலா இருந்தாலும் பிறாண்டிட்டுப் போயிரும்."

"நகம் இருந்தா பறிக்கும் காக்கா. நமக்குக் குழி பறிக்கவா வண்டி?"

காக்காவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. சேற்றில் அந்தப் பட்டன் கடித்து ஏறும், உண்மைதான். உலர்ந்த மணலில் கடிக்க எதுவும் கிடையாது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு பட்டனும் ஒரு மண்வெட்டி. தனக்குத்தானே குழி தோண்டி அதில் இறங்கிவிடும். பாலைவனத்தில் இதை முதுகு ஒடிய மண் அள்ளித்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு துண்டாகப் பிரியும் ரிம் நிறையக் கிடந்தது. மலிவு. தொடவே இல்லை. காற்று இருக்கும்போது தெரியாத ஆள் எவனாவது இரண்டு துண்டையும் சேர்க்கும் நட்டைக் கழற்றினால் அவன் தலை அவனிடம் இருக்காது.

வெயில் சாயும் நேரம், அட்டையும் குச்சியும் ஒன்றாகப் பொருந்திய ரிம்கள் கிடைத்தன. 750-16 டயரோடு இருந்தன. கொஞ்சம் உயரம், நல்ல அகலம். பக்கவாட்டை முழங்காலால் அழுத்தினேன், மெத்தென்று அமுங்கியது. உள்ளே விரலை விட்டுத் தடவினேன், கான்வாஸ் எங்கும் கிழியவில்லை. ஒரே ஒரு குறை. பட்டனெல்லாம் தேய்ந்து, வழவழவென்று மொட்டையாக இருந்தன.

"இதுதான் காக்கா!" என்று கூவினேன்.

காக்கா என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலே, குப்பையில இருந்து குப்பையைப் பொறுக்குதியே, உனக்குக் கிறுக்கா?"

நானும் விடவில்லை. "கரைக்குப் போகலைன்னா நீங்க என்னை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம், நானே போயிருதேன்" என்றேன். கொஞ்ச நேரம் தாடியை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாம் நசீபு" என்று விதியின் மேல் பாரத்தைப் போட்டு வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழை ரோட்டில் மொட்டை டயரோடு வேகமாகப் போகிறவன் முட்டாள். நான் செய்தது மணலுக்கு மட்டும்.

மாட்டியபின் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்டயர் மட்கார்டில் உரசியது. விளிம்பை வெட்டி, கூர்முனையை உள்பக்கம் மடித்து அடித்தேன். டயர் உயரமானதால் வண்டி இழுவையும் குறைந்தது. முன்பு செகண்டில் ஏறிய மேட்டுக்கு இப்போது ஃபர்ஸ்ட் கேட்டது. பெரிய டயர் எதையும் சும்மா தராது. ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் பிடுங்கிக்கொள்ளும்.

3. காற்றைப் பிடுங்கிய காலை

சீலாப்பாடு தொடங்கிய அன்று காலையில் தேரியோரம் இரண்டு வண்டிகளும் நின்றன. செல்லையா அண்ணாச்சியின் மிலிட்டரி லாரிக்கு நாலு சக்கரமும் இழுக்கும். காக்கா ஆசைப்பட்ட அதே புலி நக டயர், புத்தம் புதிது. அண்ணாச்சி என் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஏலே இன்னாசி, டயருக்கு எந்தக் கோயில்ல முடி எறக்குன?"

"முடி இருக்கதுக்குத்தான் அண்ணாச்சி சிக்கு விழும்" என்றேன்.

அவர் லாரி முதலில் இறங்கியது. உறுமலென்றால் உறுமல். முக்கால் தூரம் ஜோராகப் போனது. கடைசி மேட்டில் மணல் இளகியதும் பின்சக்கரம் மணலை வாரி இறைத்தது. டிரைவர் இன்னும் அழுத்தினான். பட்டன்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. நாலு சக்கரமும் நாலு குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன.

நான் இறங்கி வால்வுகளை அழுத்திக் காற்றை விட ஆரம்பித்தேன். முப்பது பவுண்டுக்கு மேல் இருந்ததைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். டயர்கள் அடியில் பரந்து, தொப்பை தரையில் தட்ட உட்கார்ந்தன. காக்கா பதறிவிட்டார்.

"அல்லாவே! ஏலே, இருக்குத காத்தையும் பிடுங்கி விடுதியே!"

"ஏறி உக்காருங்க காக்கா. பேசாதிய."

செகண்ட் கியரில் ஒரே சீராகப் போனேன். பிரேக்கைத் தொடவில்லை. லாரி போன தடத்தில் இறங்காமல் தள்ளிப் புதுமணலில் போனேன். உழுத மணலில் போகிறவன் உழுதவனோடு சேர்ந்து உட்காருவான். டயர்கள் மணலைத் தோண்டவில்லை, அமுக்கிப் பரப்பி அதன்மேல் ஏறிப் போயின. லாரியைத் தாண்டும்போது அண்ணாச்சி துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். மேடு இறங்கினோம். முன்சக்கரம் ஈர மணலைத் தொட்டது. ஓர் அலை வந்து டயரை நனைத்துவிட்டுப் போனது. காக்கா கதவைத் திறந்து குதித்து, கைலி நனைய ஓடி வந்து, இறங்கிய என்னைக் கட்டிக்கொண்டார்.

பட்டங்கட்டி அசையவில்லை. "வெறும் வண்டி வந்தாச்சு. மீனை ஏத்திட்டு மேட்டுல ஏறட்டும். பொறவு பேசுவோம்."

அதுதான் நான் பயந்தது. பெரிய டயர், குறைந்த இழுவை, முழுப் பாரம், ஏற்றம்.

முதல் சீலாவை எடுத்து அந்தோணியார் கோயிலுக்கென்று ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். வழக்கமாக இரண்டாவது மீன் அதைக் கொண்டுவந்த வள்ளத்துக்கு. அதைப் பட்டங்கட்டி தன் கையிலேயே வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் ஐஸோடு பிக்கப்பில் ஏறியது. ஸ்பிரிங் முனகியது.

அலையோரத்து ஈர மணல் சிமெண்டுத் தரைபோல இறுகியிருக்கும். அதில் வண்டியைத் தூரமாக ஓட்டி, திருப்பி, வேகம் பிடித்து வந்தேன். மேட்டை நெருங்கும்போதுதான் பார்த்தேன். நான் ஏற வேண்டிய இடத்தில் பனை மட்டைகள் வரிசையாகக் கிடந்தன. வெயிலில் பளபளவென்று மின்னின. பக்கத்தில் எண்ணெய் டின்னோடு, முதல் நாள் 'போடாம எப்படி வழுக்கும்' என்று கேட்ட அதே ஆள், முகமெல்லாம் சிரிப்போடு, வா வா என்று கையைக் காட்டினார்.

"எடுங்கய்யா! எடுங்க!" என்று அலறினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நிறுத்தினால் புதைவேன். நேரே போனால் வழுக்கிக் கடலுக்கே திரும்புவேன். ஸ்டீயரிங்கை ஒடித்தேன். மட்கார்டை வெட்டாமல் விட்டிருந்தால் அந்த இடத்திலேயே டயர் உரசி மாட்டியிருக்கும். வண்டி பக்கவாட்டில் பாய்ந்து, மேட்டின் ஓரம் படர்ந்திருந்த அடம்பங்கொடியில் ஏறியது. கொடி மணலை வலைபோலப் பிடித்துவைத்திருந்தது. ஃபர்ஸ்ட் கியர். எஞ்சின் திணறியது, இருமியது, நிற்கப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏளா, வாங்கட்டி!" என்று சூசம்மாவின் குரல் கேட்டது. சுமைக்காரப் பெண்கள் மொத்தமும் வண்டியின் பின்னால் தோள் கொடுத்தார்கள். எஞ்சினுக்குக் குறைந்த இழுவையை அவர்கள் தோள் ஈடுகட்டியது. பிக்கப் மேட்டைத் தாண்டியது. அதன் பிறகு ரோடு வரை நான் கத்திக்கொண்டே போனேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சந்தோஷத்துக்கு வார்த்தை எதற்கு?

4. இரண்டாவது மீன்

ரோட்டில் நிறுத்தி பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தபோது ஊரே வந்து சேர்ந்தது. பட்டங்கட்டி தன் கையில் இருந்த இரண்டாவது சீலாவைப் பிக்கப்பின் முன் பம்பரில் கட்டித் தொங்கவிட்டார்.

"இனிமே இதுவும் நம்ம ஊர் வள்ளம். காக்கா, இந்த வருசத்து மீன் உங்களுக்கு."

காக்கா அழுதுவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான். சூசம்மா யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "தள்ளுன கூலிக்கு ஏரல் சந்தைவரை கொண்டுபோய் விடணும், ஆமா" என்றாள். மறுவாரத்திலிருந்து பெட்டி ஏற்றுவதும் ஐஸ் அடுக்குவதும் அவள் ஆட்களின் வேலை. மணலில் சுமந்த சுமை ஒழிந்தது.

செல்லையா அண்ணாச்சியின் லாரியையும் மண் தோண்டி எடுத்தோம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மொட்டை டயர் இன்னும் கெடக்காலே அங்கன?" என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் கற்றது இவ்வளவுதான். டயர் வாங்கப் போகுமுன் நீங்கள் பார்க்க வேண்டியது டயரை அல்ல, அது ஓடப்போகும் தரையை. அடுத்து உங்கள் வண்டியை. டயர் பார்க்க எப்படி இருக்கிறது என்பது கடைசி. மொட்டையாக இருந்தால்கூடப் பாதகமில்லை.

அன்று நான் வண்டியை எடுக்கப்போகும் நேரம் அந்த எண்ணெய்க்கார மனிதர் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஊருக்குப் புது வள்ளம் வந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ப்பது அவர்கள் வழக்கமாம். என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டைவரய்யா, இப்பவாவது போடலாமா?"

இறங்கினேன். டின்னை வாங்கி, முதல் கை எண்ணெயை நானே பானெட்டில் தேய்த்தேன்.

"உச்சி முதல் அடி வரைக்கும் தேய்ங்க அண்ணாச்சி. டயரை மட்டும் விட்டுருங்க."