ஒரு பக்கம் தேய்ந்த கைப்பிடிகள்

எங்க வீட்டுக்காரர் மடக்குற சவரக்கத்திக்கு மரக் கைப்பிடி செய்யறவர். ரெண்டு மெல்லிசான மரத்துண்டு, நடுவுல கத்தி போய் அடங்கணும், அவ்வளவுதான். ஆனா துண்டு மயிரிழை கோணினாலும் கத்தி மரத்துல உரசி மழுங்கிடும். அதனால கண்ணாடி மேல உப்புத்தாளை ஒட்டி, துண்டை அதுல வெச்சுத் தேய் தேய்னு தேய்க்கணும். முரட்டுத்தாள்ல தேய்க்கறது நான். நைஸ் தாள்ல தேய்ச்சு முடிக்கறது அவர். கல்யாணமானதுலேருந்து இதுதான் எங்க குடித்தனம்.

அவரோட வலது தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் வந்தது வினை. வலிக்குப் பயந்து உடம்பைச் சாய்ச்சுத் தேய்ச்சார். துண்டு ஒரு முனை தடியா, மறுமுனை மெலிசா வந்துச்சு. ஆணி வெச்சுப் பூட்டுறது என் தம்பி. அவன் எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுவந்து, "மாமா, கத்தி உரசுது"ன்னான்.

"தாள் சரியில்லடா"ன்னார். மறுதடவை மரம் ஈரமாம். அப்புறம் கண்ணாடியே கோணலாம்! அடுத்து பூமி கோணல்னு சொல்வார்னு காத்திருந்தேன். உங்க கைதான் போச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்த வேலை போனா மனுஷன் உடைஞ்சுடுவார்.

அவர் டீ குடிக்கப் போற நேரத்துல, அவர் முடிச்ச துண்டை நானே திரும்பத் தேய்ச்சு வெச்சேன். என் வேலையும் என் தலையில, அவர் வேலையும் என் தலையில. சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகும். இதுல, "பாத்தியா, இப்ப ஒண்ணாவது திரும்பி வருதா?"ன்னு பெருமை வேற! வந்த ஆத்திரத்தை அப்படியே முழுங்கினேன்.

முந்தாநாள் ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தார். அவர் நேர்கோடாத்தான் தேய்ப்பார். முரட்டுத்தாள்ல எட்டு எழுதற மாதிரி வளைச்சுத் தேய்ச்சே பழகின கை என்னோடது. அவசரத்துல அதையும் எட்டுப் போட்டே தேய்ச்சிருக்கேன். கீறலெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரிஞ்சுது.

"இது உன் கையாச்சே."

நான் அந்தத் துண்டை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கல.

"எவ்வளவு நாளா?"

"உங்க தோள் போனதுலேருந்து."

கத்துவார்னு நினைச்சேன். நானும் சண்டைக்குத் தயாராத்தான் இருந்தேன். மனசுல அடக்கி வெச்சது அவ்வளவு. அவர் என் கையை எடுத்து, ஒவ்வொரு விரலா மடக்கிப் பாத்தார். ரெண்டு விரல் மடங்கல.

"நைஸ் தாள் இனி உன்னோடது. முரட்டுத்தாளை இடது கையால நான் பாத்துக்கறேன். ஒரே துண்டுக்கு நீ ரெண்டு தடவ சாக வேணாம்."

சொல்லிட்டு என் ஸ்டூல்ல போய் உக்காந்துட்டார். அவர் நாற்காலியில உக்கார எனக்கு உடம்பு கூசுச்சு. நின்னபடியே அழுதேன்.

"உக்காருடி"ன்னார், தலைய நிமிர்த்தாம. "எவ்வளவு நேரம்தான் நிப்ப?"