வேகத்துக்காக அழித்த தமிழ் எழுத்துரு

தொண்ணூறுகளின் இறுதியில் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருந்தபோது, அகதி விண்ணப்பக்காரர்களின் வாக்குமூலங்களை என் கணினியில் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பேன். அந்தக் கணினி இயங்கத் தொடங்கவே பத்து நிமிடம் பிடிக்கும். பயன்படுத்தாத மென்பொருள்கள்தான் காரணம் என்று நினைத்து, என்னவென்று எனக்குத் தெரியாத கோப்புகளையெல்லாம் அழித்தேன். வேகம் கூடவில்லை. ஆனால் மறுநாள் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி நேர்முகத்துக்குப் போகவிருந்த சிவமலர் அக்காவின் வாக்குமூலத்தைத் திறந்தபோது, திரை முழுவதும் புரியாத குறிகளாக இருந்தது.

"அக்கா, நீங்கள் சொன்னது எல்லாம் அழிஞ்சு போச்சுது போல," என்றேன் பக்கத்தில் இருந்த அவரிடம்.

"அதை இன்னொருக்காச் சொல்ல என்னால ஏலாது, தங்கச்சி," என்று அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கணினித் துறையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மதுரைப் பெண்ணை அழைத்து வந்தேன்.

"பைல் பத்திரமா இருக்குங்க. தமிழ் ஃபாண்டைத்தான் அழிச்சிருக்கீங்க," என்று தன்னிடமிருந்த எழுத்துருவை ஏற்றினார். எழுத்துகள் திரும்பி வந்தன.

"சும்மா கிடக்கிற சாஃப்ட்வேர் இடத்தைத்தான் பிடிக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானா ஓட ஆரம்பிக்கிறதுதான் வேகத்தைக் குறைக்கும்," என்று அவற்றை மட்டும் நிறுத்தினார்.

அன்றிலிருந்து எது என்னவென்று கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. வாக்குமூலம் முடிந்த உடனேயே அச்சிட்டு, சொன்னவரின் கையில் கொடுத்துவிடுகிறேன். எவரையும் இரண்டாம் முறை சொல்ல வைக்கக் கூடாது.