பத்தியம் தவறாத அஞ்செல்

சர்க்கரை என்று தெரிந்ததும் அஞ்செல் ஒரு முடிவெடுத்தாள். சாப்பாட்டை மாற்றிக்கொள்வாள், ஆனால் வெளியில் போய்ச் சாப்பிடுவதை விடமாட்டாள். முதலியார்பேட்டை வீட்டில் அவளும் கணவர் அர்மானும் மட்டும்தான். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சபின் பிரான்சிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்தில் மதியம் சாப்பிடுவதுதான் இருவருக்கும் வாரத்தின் ஒரே விசேஷம்.

மேலே ஊற்றும் சோஸ் இல்லாமல் சுட்ட மீன், வதக்கிய கீரை, எலுமிச்சை பிழிந்த தக்காளி. ரொட்டிக் கூடையை அர்மான் பக்கம் தள்ளிவிடுவாள். அவருடைய இனிப்பில் கரண்டி நுனியளவு மட்டும் எடுத்துக்கொள்வாள். அங்கே பரிமாறும் பாவாடை என்பவருக்கு அது மனப்பாடம். கல்யாண வீடுகளில் முதலில் காய்களைச் சாப்பிட்டு, கடைசியில் ஒரு பிடி சோறு வாங்குவாள். சர்க்கரை வந்த பெண்கள் அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, என்ன தொடலாம், எதை விடலாம் என்று கேட்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பல வருடங்கள் இப்படியே ஓடின.

பிறகு கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டதாக டாக்டர் சொன்னார். உணவு ஆலோசனை சொல்லும் பெண் புதிய பத்தியம் கொடுத்தாள். கீரையைக் குறைக்க வேண்டும், தக்காளி கூடாது, பருப்பும் மீனும் அளவோடு, இளநீரைத் தொடவே கூடாது. சோறு கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடலாமாம். இத்தனை நாள் தான் செய்ததில் எது தப்பு என்று அஞ்செல் கேட்டாள். தப்பு ஒன்றும் இல்லை, சிலருக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி ஆகிவிடுகிறது என்று அந்தப் பெண் பரிவாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அஞ்செல் தாங்கியிருப்பாள்.

அடுத்த ஞாயிறும் போனார்கள். "வழக்கம்போலத்தான மதாம்?" என்று கேட்ட பாவாடை, பதிலுக்குக் காத்திராமல் கொண்டுவந்து வைத்தார். மீன், கீரை, தக்காளி. அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அஞ்செல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அர்மான் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளுங்க."

"எனக்குத் தெரியாம எதாச்சும் சாப்ட்டுகினு இருந்தியா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்திருந்த மனுஷர்.

"சாப்ட்டாவது இருந்திருக்கலாம்," என்றாள். "அதனாலதான் இப்டி ஆச்சின்னு மனசாவது ஒத்துக்கும்."

அன்றோடு வெளியில் சாப்பிடுவது நின்றது. அவர் கேட்டதையே சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். கல்யாணங்களுக்குப் போனால் பெண்கள் நலம் விசாரித்துவிட்டு வேறு பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவள் கல்யாணங்களுக்குப் போவதையும் விட்டாள்.

இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இயந்திரம் ஓடத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் நோயாளிகள் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் சாப்பிட்டால் நர்சுகள் கண்டுகொள்வதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் ஆரஞ்சுச் சுளைகளை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருப்பார். அர்மான் ஒவ்வொரு முறையும் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்பார். அவள் வேண்டாமென்று தலையசைப்பாள். ஒருநாள் கேட்காமலே, பேக்கரியில் இருந்து கிரீம் வைத்த கேக் ஒன்று வாங்கி வந்தார். ஒரு வாய் கடித்தாள். வாய் முழுக்க இந்த நோயின் இரும்புக் கசப்பு. இனிப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. மீதியை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். அன்று கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுத்தது அவளுக்குத் தெரிந்தது.

"வாணாம், விடுங்க," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கேக்கை என்ன செய்வதென்று தெரியாமல், கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.