அடுக்களைக்கு மட்டும் அனுமதி

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுவது அவள் வேலை. சட்டத்தில் பொருந்தும்வரை மெல்லத் தேய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வீட்டிலும் ஏதாவது யோசித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பாதிக் கண்ணுக்கே நடுங்குகிறேன், முழுதாகத் திறந்துவிடாதே என்பார் கணவர்.

அவர் பள்ளியில் கணினிப் பாடம் நடத்தியவர். தொண்டையில் அறுவை செய்தால் பேச்சு போய்விடும் என்று மருத்துவர் சொன்னதும் இடிந்து உட்காரவில்லை. தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சின்னச் சின்ன வாக்கியங்களாகக் குரலைப் பதிந்துவைத்தார். பிறகு தானே ஒரு நிரல் எழுதினார். அறையில் கணினி விசையை அழுத்தினால் அடுக்களை அலமாரியிலிருக்கும் பழைய செல்போன் அவர் குரலில் பேசும். தண்ணீர் கேட்கும், தூக்கம் வருகிறது என்னும், சும்மா அவளை வம்புக்கு இழுக்கும். கடைசிவரை அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை.

அவர் போன பிறகு கணினியும் படுத்துவிட்டது. கொழுந்தன் தூக்கிப்போய், எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, அண்ணனின் நிரலையும் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தான். அவள் அதைத் திறந்ததும் திரையில் ஒரு கேள்வி எழுந்தது. இந்த நிரலைத் தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை, அனுமதிக்கலாமா? தெரியாதது எது கேட்டாலும் வேண்டாமென்று அழுத்து என்பது அவர் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னது. அப்படியே அழுத்தினாள். அதன்பின் எந்த விசையை அழுத்தியும் அடுக்களை வாய் திறக்கவில்லை.

குரலே அழிந்துவிட்டது என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கையை நீட்டிப் பிடித்த லென்ஸுக்குள் தெரு தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி பொழுது போனது.

ஒரு விடுமுறை மதியம் வந்த கொழுந்தன், அடுக்களையில் அண்ணன் ஏன் பேசவில்லை என்று கேட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கணினியைத் தட்டிப் பார்த்தான்.

"குரல் பத்திரமா இருக்கு அண்ணி. கணினிக்குக் காவல் நிக்கிற ஃபயர்வால்தான் தடுக்குது. அண்ணன் பேச்சைக் கேட்டு அண்ணனையே வாசல்ல நிறுத்திட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஃபயர்வாலையே மொத்தமாக நிறுத்திவிடட்டுமா என்றான்.

"வேணாம்பா. அது உங்க அண்ணனுக்குப் பிடிக்காது. அவரை மட்டும் உள்ள விடு."

அவன் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினான். அனுமதிப் பட்டியல் திறந்தது. அமைப்பை மாற்றும் பொத்தானை அழுத்தியதும் மங்கிக் கிடந்த பெயர்கள் பனி விலகியதுபோல் தெளிந்தன. நிரலுக்கு அவர் வைத்த பெயர் 'அடுக்களை'. அதன் பக்கத்தில் இரண்டு கட்டங்கள், வீட்டு இணைப்புக்கு ஒன்று, பொது இடங்களுக்கு ஒன்று. வீட்டுக் கட்டத்தில் மட்டும் டிக் போட்டாள்.

ஏதோ ஒரு விசையை அழுத்தினாள். இத்தனை காலம் அடுக்களையில் நின்று கேட்ட குரலை முதல்முறையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். வெயில் படர்ந்த கூடத்தைக் கடந்து, அவர் அடுக்களையில்தான் நிற்பதுபோல், வந்தது.

"கொஞ்சம் இங்க வந்துட்டுப் போயேன்."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதோ வரேன்" என்று அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.