ரோஜா நிறக் கவுனின் உள்துணி

தையல்காரம்மாவுக்கு இருபது வருஷமாக ஜன்னலோரத்து மெஷின்தான் கதி. படிப்பு ஐந்தாவதோடு நின்றாலும் அளவு ஒருநாளும் பிசகியதில்லை. எந்தத் துணி வந்தாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்த பிறகே கத்தரி வைப்பாள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு உருகி மிளகு மாதிரிக் கட்டிக்கொண்டால் நைலான் ஜாதி. "கடைக்காரர் வாய் பொய் சொல்லலாம், நெருப்பு சொல்லாது" என்பாள்.

இந்தப் பண்டிகை நெருக்கத்தில் அந்த வழக்கம் ஒரே ஒரு முறை தவறிப்போனது. மருந்துக்கடைக்காரரின் ஏழு வயது மகளுக்குக் கணுக்கால் வரை சுழன்று விழும் ரோஜா நிறக் கவுன். மேல்துணி நல்ல பருத்தி. உள்துணி பாதியில் தீர்ந்துபோக, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினாள். "சுத்தப் பருத்திம்மா, கண்ணை மூடிக்கிட்டுத் தைங்க" என்றார் கடைக்காரர். அவளும் கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிட்டாள்.

பண்டிகையன்று சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கேற்றத் தீக்குச்சி கிழித்தவள், மெஷின் மேல் அந்த உள்துணியின் வெட்டுத்துண்டு கிடப்பதைப் பார்த்தாள். கைப்பழக்கம், ஓரத்தைச் சுடரில் காட்டினாள். சர்ரென்று சுருண்டது. கறுப்பாக ஒரு சொட்டு ஆள்காட்டி விரலில் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. உதறினாள், போகவில்லை.

விரல் எரிந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. இந்தச் சொட்டு அந்தக் குழந்தையின் தொடையில் விழுந்தால்? கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

பாயில் சாய்ந்திருந்த புருஷன் எழுந்து உட்கார்ந்தார். பஸ் கண்டக்டர். வருஷத்தில் கிடைக்கிற ஒருநாள் லீவு அவருக்கு.

"பதறாத காரியம் சிதறாதும்மா. போன் போட்டுச் சொல்லு."

மூன்று தடவை போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் தெருவிலும் இப்போது வெடிச் சத்தம் காதைப் பிளக்கும், யார் எடுப்பார்கள்?

"நேர்ல போறேன்."

"போ. ஆனா உண்மையைக் கொட்டிட்டு வராதே. இருபது வருஷப் பேரு. தையல் விட்டிருக்கு, சரி பண்ணித் தரேன்னு வாங்கிட்டு வந்துடு."

வெட்டுத்துண்டையும் தீப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. தெரு முழுக்கப் புகை. வெடிக்காத வெடியைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்த தடியனைப் பார்த்து, "ஏம்ப்பா, மூஞ்சி வேணாமா உனக்கு? தண்ணியை ஊத்திட்டு விலகிப் போ!" என்று கத்தினாள். "பாட்டிக்குக் கோபம்டா" என்று அவன் கூட்டாளி சிரித்தான். நாற்பத்தெட்டு வயதுதான் அவளுக்கு. சண்டை போட நேரமில்லை.

வாசலிலேயே குழந்தை நின்றது. ரோஜா நிறக் கவுன் கணுக்காலில் புரள, கையில் பற்றவைத்த கம்பி மத்தாப்பு. அதைச் சுற்றிக்கொண்டே தானும் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கவுன் குடையாக விரிந்தது.

"வாங்கக்கா!" என்றாள் குழந்தையின் அம்மா. "பாத்தவங்க எல்லாரும் கேக்கறாங்க, யாரு தச்சதுன்னு."

"அது... ஒரு இடத்துல தையல் விட்டிருக்கும்மா. கழட்டிக் குடுத்தா இப்பவே..."

"அட, இதுக்கா ஓடி வந்தீங்க? நாளைக்குத் தச்சுக்கலாம். உக்காருங்க."

குழந்தை அடுத்த மத்தாப்பை எடுத்தது. பழைய கம்பியைக் காலடியில் போட்டது. அதன் நுனி இன்னும் சிவப்பாக இருந்தது, கவுன் ஓரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

இனிப் பேருமாவது, ஊருமாவது! பாய்ந்துபோய்க் கவுனை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக் குழந்தையை இழுத்துக்கொண்டாள். "பொய் சொல்லிட்டேம்மா. தையல் ஒண்ணும் விடலை. உள்துணி நைலான். நான் பாக்காம தச்சிட்டேன். தீப்பொறி பட்டா உருகிப் பிள்ளை தோல்லயே ஒட்டிக்கும்."

நம்பாத பார்வை. வெட்டுத்துண்டை எடுத்து, வாசலில் இருந்த வாளித் தண்ணீருக்கு மேல் பிடித்துக் கொளுத்தினாள். கறுப்புச் சொட்டு ஒவ்வொன்றாகச் சுர் சுர்ரென்று தண்ணீரில் விழுந்தது.

அம்மாவின் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "இதையா என் பிள்ளைக்குத் தச்சு அனுப்பினீங்க? நம்பித்தானேக்கா குடுத்தேன்?"

தையல்காரம்மா மிச்சத் துண்டையும் வாளிக்குள் போட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

குழந்தை கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அழுது புரண்டது. "தையல் அத்தை மோசம்! தச்சும் குடுத்துட்டு, பிடுங்கவும் வந்துட்டாங்க!" கடைசியில் முழங்கால் அளவுப் பழைய பருத்திச் சட்டையும் மூடின செருப்புமாக வெளியே வந்தது. மூக்கை உறிஞ்சியபடி மத்தாப்பைக் கை நீட்டிப் பிடித்தது. அத்தை பக்கம் திரும்பவே இல்லை.

தையல்காரம்மா கிளம்பத் திரும்பினாள். "இருங்க" என்றாள் அம்மா, முகம் பார்க்காமல். "இந்த மத்தாப்பு டப்பா முடியட்டும்." அது தண்டனையா, துணையா என்று புரியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு பொறிக்கும் உள்ளுக்குள் சாமியைக் கூப்பிட்டாள். பருத்தியும் எரியத்தான் செய்யும், அது அவளுக்குத் தெரியாததா?

நாலாவது மத்தாப்பில் ஒரு பொறி எகிறிச் சட்டையின் வயிற்றுப் பக்கம் விழுந்தது. அம்மா வாளியில் நனைத்த கையால் பட்டென்று தட்டினாள். அணைந்தது. பழுப்பு ஓரத்தோடு ஒரு சின்ன ஓட்டை. உள்ளே தோல் சிவக்கக்கூட இல்லை. குழந்தை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தது.



"போதும். மிச்சத்தை உள்ளே வை" என்றாள் அம்மா. அப்போதுதான் தையல்காரம்மாவின் விரலைக் கவனித்தாள். "என்னக்கா இது, கொப்பளிச்சிருக்கு?"

"வீட்டுல சொட்டினது. பற்பசை தடவிக்கிறேன்."

"மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டிகிட்டயே பற்பசையா?" கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் காட்டினாள். "நல்லா எரியும். எடுக்காதீங்க, இருபது நிமிஷம்."

தண்ணீர் பட்டதும்தான் எரிச்சல் தெரிந்தது. தையல்காரம்மா குழாயடியில் நின்றபடியே விக்கி விக்கி அழுதாள். அம்மா கையை விடவில்லை. கோபமும் இன்னும் முகத்தில் அப்படியேதான் இருந்தது.